ஏழு மணி மாத்திரை, ஒன்பது மணிச் சாப்பாடு

நவம்பர் பிறந்தால் என் கிளினிக்கில் பேச்சு மாறிவிடும். மூட்டுவலிக்கு வந்தவர்கூட எழுந்து போகும்போது, "அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் டின்னர் இருக்கு டாக்டர், ரெண்டு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா?" என்று கேட்பார். மெல்பர்னில் அது விருந்துக் காலம். கம்பெனிகளின் ஆண்டு இறுதி விருந்து, நிதி திரட்டும் காலா டின்னர், யாரா பள்ளத்தாக்குக்கு ஒயின் டேஸ்டிங் பயணம் என்று கிறிஸ்துமஸ் வரை ஓயாது.

நான் தென்கிழக்கு மெல்பர்னில் பொது மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் தமிழர்கள் நிறைய. அவர்களில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நிறைய. அந்த "ரெண்டு கிளாஸ்" கேள்வியை முன்பெல்லாம் "அளவா பார்த்துக்குங்க" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவேன். இப்போது அப்படி விடுவதில்லை. ஒருவருக்கு நடந்தது அதை மாற்றியது. அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர். பத்து வருடமாகச் சர்க்கரை. கிளிக்லசைடு 80 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டோடு. ஒழுங்கானவர், வீட்டில் ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு, அதற்குச் சற்று முன் மாத்திரை. அன்றைக்கு அலுவலக விருது விழா. அழைப்பிதழில் 6.30 என்று போட்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு இருக்கும் என்று நினைத்து, கார் நிறுத்துமிடத்திலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

இந்த ஊர் விருந்துகள் எப்படி நடக்கும் என்பது போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேரம் நின்றபடி பேச்சு. தட்டுகளில் ஒயினும் ஷாம்பெயினும் சுற்றி வரும். கூடவே வருகிற தீனி, கட்டைவிரல் அளவு ரொட்டியின் மேல் ஏதோ ஒரு துண்டு மீன். அப்புறம் உட்காரச் சொல்வார்கள். வரவேற்புரை, தலைவர் உரை, முதல் இரண்டு விருதுகள். முன்னுணவு எட்டு மணிக்கு. பெரிய தட்டு ஒன்பதைத் தொடும்.

அதிலும் இங்கே ஒரு பழக்கம் உண்டு. சமையலறையில் இரண்டு வகை சமைத்து, மேஜையைச் சுற்றி ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். உங்களுக்கு மாட்டிறைச்சி, பக்கத்தில் இருப்பவருக்குக் கோழி. மாட்டிறைச்சி சாப்பிடாத நம் ஆள் முன்னால் அதுதான் வந்தது. மாற்றித் தரக் கேட்டார். "இதோ கொண்டுவருகிறோம்" என்றார்கள். வர நேரமாயிற்று. அதற்குள் மூன்றாவது கிளாஸ்.

ஒன்பதேகாலுக்கு அவர் பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தார். எழுந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடன் வேலை செய்பவர்கள் அக்கறையோடு அவரை வெளியே அழைத்துப் போய் சோபாவில் படுக்க வைத்தார்கள். "கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அவருடைய மனைவியும் விருந்துக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை இருவரும் என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "கழுத்துல கை வச்சேன் டாக்டர். சட்டைக் காலர் பிழியிற அளவுக்கு நனைஞ்சிருந்துச்சு. ஆனா உடம்பு ஜில்லுனு இருந்துச்சு. குடிச்சவருக்கு ஏன் இப்படி வேர்க்கணும்னு தோணுச்சு." கைப்பையில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்திருக்கிறது. விரலைக் குத்திப் பார்த்தால் 2.6 மில்லிமோல். நம் ஊர்க் கணக்கில் 47 மில்லிகிராம் வாக்கில். கணவர் இன்னும் விழுங்கும் நிலையில் இருந்ததால் லெமனேடை மெல்ல மெல்லக் குடிக்க வைத்து, இங்குள்ள அவசர எண்ணான மூன்று பூஜ்யத்துக்குப் போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்திருக்கிறார். அந்தப் பெண்மணிக்கு மருத்துவப் படிப்பு எதுவும் கிடையாது.

கணவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை இறங்கியதைவிட வேறொன்று அவரை அதிகம் வாட்டியது. "எல்லாரும் நான் குடிச்சிட்டு விழுந்துட்டேன்னு நினைச்சிட்டாங்க டாக்டர். திங்கக்கிழமை எந்த முகத்தோட ஆபீஸ் போறதுன்னு தெரியாம இங்க வந்துட்டேன்."

நடந்தது இதுதான். கிளிக்லசைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். சாப்பாடு தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். சாதாரண நாளில் அப்போது கல்லீரல் கைகொடுக்கும். சேமித்து வைத்த சர்க்கரையை எடுத்துவிடும், புதிதாகவும் தயாரிக்கும். ஆனால் மது உள்ளே போய்விட்டால் கல்லீரல் முதலில் அதைத்தான் கவனிக்கும். புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை பெருமளவு முடங்கும். ஆக, ஒரு பக்கம் மாத்திரை இறக்கிக்கொண்டே இருக்கிறது, இன்னொரு பக்கம் ஏற்றிவிடவேண்டிய உறுப்புக்குக் கை ஒழியவில்லை.

இதில் மிக ஆபத்தான விஷயம், லோ சுகரும் போதையும் வெளியே ஒரே மாதிரி தெரிவதுதான். குழறல், தள்ளாட்டம், எரிச்சல், தூக்கம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மது வாசனையும் அடித்தால் வேறு யோசனையே வராது. "தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். இன்சுலின் போடுகிற சிலர் அவசரத்துக்கு, இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வைத்திருப்பார்கள். மது அருந்தியவருக்கு அதுவும் சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் அந்த ஊசி நம்பியிருப்பதே கல்லீரலின் சேமிப்பைத்தான்.

அதனால் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: உங்கள் மாத்திரை எந்த வகை என்று விருந்துக்கு முன்பே மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படித் திடீரென இறங்குவது அரிது (அதிகமாகக் குடித்தால் அதற்கு வேறு ஆபத்து உண்டு). மேலே சொன்ன வகையோ இன்சுலினோ என்றால், இரவு மருந்தைக் கடிகாரம் பார்த்துப் போடாமல் தட்டு மேஜைக்கு வந்த பிறகு போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிடுங்கள். விருந்துக்குப் போகும்போது வயிற்றைக் காலியாக வைத்திருக்கும் நம் பழக்கம் இந்த ஊர் விருந்துக்கு ஒத்துவராது. மேஜையில் ஒருவரிடமாவது "எனக்குச் சர்க்கரை இருக்கு, உளற ஆரம்பிச்சா ஏதாவது இனிப்பு கொடுங்க" என்று சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்லாமல் இருந்ததால்தான் என் நோயாளி சோபாவில் தனியாகக் கிடந்தார்.

மீட்டரில் 4க்குக் கீழே, அதாவது 72க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை: அரை டம்ளருக்குச் சற்று அதிகமான சாதாரண லெமனேடு, அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அல்லது ஆறேழு ஜெல்லி பீன்ஸ். டயட் பானம் உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ரொட்டி, சோறு என்று நீண்ட நேரம் தாங்கும் உணவு ஏதாவது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, மதுவின் இந்த விளைவு விருந்தோடு முடிவதில்லை. விடிகாலையிலும் மறுநாளும்கூடச் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள், காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி "ரெண்டு கிளாஸ்" கணக்கு. ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். உணவகத்தில் ஊற்றும் ஒரு கிளாஸ் ஒயின் பெரும்பாலும் 150 மில்லி. அது ஒன்றல்ல, ஒன்றரை. ஒரு பாட்டிலில் ஏறக்குறைய எட்டு. பாட்டிலின் பின்பக்க லேபிளிலேயே இந்த எண் இருக்கும். விருந்தில் சிக்கல், கிளாஸ் காலியாகும் முன்பே வந்து நிரப்பிவிடுவார்கள். மூன்று முறை நிரப்பினாலும் உங்கள் மனக்கணக்கில் அது "ஒரு கிளாஸ்". நிரப்ப வந்தால் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்துவிடுங்கள். பரிமாறுகிறவர் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். இங்கே 2020ல் வந்த தேசிய வழிகாட்டுதல், ஆரோக்கியமானவர்களுக்கே வாரத்துக்கு 10, எந்த ஒரு நாளிலும் 4 ஸ்டாண்டர்ட் டிரிங்க்குக்கு மேல் வேண்டாம் என்கிறது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நம்பி யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார அமைப்பு 2023ல் வெளிப்படையாகச் சொன்னது.

ஒயின் டேஸ்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாரா பள்ளத்தாக்கு நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1838ல் யெரிங்கில் முதல் திராட்சைக் கொடிகளை நட்டார்கள். அங்கிருந்து தொடங்கிய வரலாறு. அழகான இடம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாமும் கூட்டிப்போகிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் 30 மில்லி அளவில் ஆறேழு வகை ஊற்றுவார்கள். துளித்துளியாகத்தான் தெரியும். ஏழு துளி என்பது 210 மில்லி, அதாவது இரண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க்குக்கு மேல். ஒரே நாளில் மூன்று தோட்டம் போனால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மேஜையில் ஒரு சின்ன வாளி மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். அது துப்புவதற்கு. "அவங்க முன்னாடி எப்படி டாக்டர் துப்புறது, அவமரியாதை இல்லையா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். எச்சில் பற்றி நாம் வளர்ந்த விதத்தில் அந்தக் கூச்சம் இயல்பானது. ஆனால் அங்கே முறையே அதுதான். கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, துப்பிவிடுவார்கள். ஒயின் தயாரிப்பவர்களும் போட்டி நடுவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நாள் முழுக்க ருசி பார்ப்பவர்கள் விழுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அதிலேயே ஊற்றிவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வண்டி ஓட்டுகிறவர் துப்பினாலும் போதாது, அவர் ருசியே பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் முழு உரிமம் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம். பழகுநருக்கும், புதிதாக உரிமம் வாங்கி பி பலகை மாட்டி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும் பூஜ்யம். 1976லிருந்து இங்கே காரணம் எதுவும் இல்லாமலே வழிமறித்து ஊதச் சொல்லும் சட்டம் இருக்கிறது. கல்லீரல் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்கைக் கரைக்கச் சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். காபி, குளியல், மோர் எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு பத்துக்கு ஆரம்பித்து ஒரு பாட்டிலை முடித்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். அதோடு குழந்தையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகக் கிளம்புகிறவர்கள் உண்டு.

குடிக்காதவர்களின் சங்கடமும் எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், மறுத்தால் ஒட்டாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். "நான் வண்டி ஓட்டுறேன்" என்ற ஒரு வரி போதும். இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. சோடாவில் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கையில் வைத்துக்கொண்டால் அதையும் சொல்ல வேண்டியிருக்காது. வற்புறுத்தல், வருத்தத்தோடு சொல்கிறேன், நம்மவர்கள் கூடும் விருந்துகளில்தான் அதிகம். "ஒண்ணுதானே மாப்ள, எனக்காக" என்று ஊற்றிக் கொடுக்கிறோம். வாங்குகிறவர் பல்வலிக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அதோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம். குடிப்பதை விட்டுவிடப் போராடிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். ஒரு பெண்ணிடம் "ஏன் இன்னிக்குக் குடிக்கலை?" என்று எல்லார் முன்னிலும் கேட்காதீர்கள். கர்ப்பத்தில் ஒரு சொட்டும் கூடாது. அம்மாவிடம்கூட இன்னும் சொல்லாத செய்தியை அவர் மேஜையில் வைத்துச் சொல்ல வேண்டியதாகிவிடும்.

விருந்து நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் கூடும் நேரத்தோடு சாப்பாடு பரிமாறும் நேரத்தையும் போடுங்கள். தனி உணவு கேட்டவர்களின் தட்டைக் கடைசியாக அனுப்பாமல் முதலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குடுவைத் தண்ணீரும் ரொட்டியும் ஆரம்பத்திலிருந்தே இருக்கட்டும்.

என் நோயாளி அடுத்த வருடமும் அதே விழாவுக்குப் போனார். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் போனார். ஒரு வாரம் முன்பே ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து, மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்லி, பெரிய தட்டு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருக்கிறார். எட்டே முக்கால் என்றார்கள். ஆறு மணிக்கு வீட்டில் இரண்டு தோசை. நாங்கள் பேசி வைத்திருந்தபடி மாத்திரை சட்டைப்பையிலேயே இருந்தது. தட்டு வந்ததும் போட்டுக்கொண்டார். கையில் சோடா. மனைவியின் பையில் மீட்டரும் ஒரு பொட்டலம் ஜெல்லி பீன்ஸும். படுக்கும் முன் பார்த்த அளவை மறுநாள் எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்: 7.8, நம் ஊர்க் கணக்கில் 140.