ஒரு "டிக்" சத்தத்தைத் தேடி

சதுப்பு நிலத்தில் வீடோ சாலையோ வருவதற்கு முன், அங்கே என்னென்ன தவளைகள் வாழ்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. டர்பன் பக்கம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் தவளை ஒன்று உண்டு. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை. மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கடலோரத்தில், டர்பனுக்குச் சற்றுத் தெற்கிலிருந்து செயின்ட் லூசியா வரை, அதுவும் கோரை அடர்ந்த சில சதுப்புகளில் மட்டும்தான் வாழ்கிறது. அந்தச் சதுப்புகளில் பெரும்பகுதியைக் கரும்பும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன.

இதைத் தனி இனமென்று அறிவியல் விவரித்ததே 1982-இல்தான். இது சேர்ந்திருக்கும் ஹைப்பரோலியஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், 140-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நிறத்தை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். இதன் உறவான வண்ண நாணல் தவளை ஓர் ஊரில் கோடு போட்டிருக்கும், இன்னோர் ஊரில் புள்ளி வைத்திருக்கும். அந்தக் கூட்டம் ஒரே இனமா, பல இனங்களா என்று அறிஞர்கள் பல காலமாக வாதாடுகிறார்கள். மரபணு ஆய்வு வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறார்கள்.

பிக்கர்ஸ்கில் தவளையின் குஞ்சும் ஆணும் பழுப்பு. பக்கவாட்டில் கரிய விளிம்போடு ஒரு வெளிர்கோடு ஓடும். வளர்ந்த பெண்ணோ பளிச்சென்று பச்சை. முதல் வருடம் அப்படியொரு பச்சைக்காரியை வேறு இனமென்று நோட்டில் எழுதி, மூத்தவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, காதை நம்பலாமா? நம்பலாம், பொறுமை இருந்தால். ஆணின் குரல் பூச்சி சத்தம் மாதிரி மெல்லிய "டிக்". அதுவும் விட்டு விட்டுத்தான். பக்கத்திலேயே வண்ண நாணல் தவளைகள் நூறு விசில் ஊதினால் அது எங்கே கேட்கும்!

ஒருமுறை ஒரு சதுப்பைப் பற்றி "இந்த இனம் இல்லை" என்ற அறிக்கை கைக்கு வந்தது. தேதியைப் பார்த்தேன்: ஜூலை, பகல் பதினொரு மணி. அங்கே அது வறண்ட குளிர்காலம். இந்தத் தவளை குரல் கொடுக்கும் காலமும் இல்லை, நேரமும் இல்லை. மழை தொடங்கியதும் நாங்கள் போனோம். முதல் இரண்டு இரவும் விசில்தான். மூன்றாம் இரவு டார்ச்சை அணைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றோம். விசில்கள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. இடப்பக்கக் கோரைக்குள்ளிருந்து "டிக்". அப்புறம் இன்னொன்று. மொபைலில் பதிவு செய்துகொண்டு, இடத்தைக் குறித்துக்கொண்டோம். அறிக்கை திரும்பப் போனது.