கல்லீரல் கட்டிக்கு எந்த ட்ரேசர்?

பெட் ஸ்கேன் எடுத்தாயிற்று, எங்கும் எதுவும் பளிச்சென்று தெரியவில்லை. அப்படியென்றால் கல்லீரலில் கட்டி இல்லைதானே? இதற்குச் சட்டென்று ‘ஆமாம்’ சொல்லிவிட முடியாது. நுரையீரலிலும் நிணநீர்க்கணுவிலும் நன்றாகத் துப்புக் கொடுக்கும் அதே ஸ்கேன், கல்லீரலிலேயே பிறந்த புற்றுநோயில் கிட்டத்தட்டப் பாதியைத் தவறவிடக்கூடும். அதற்குக் காரணம் கருவி இல்லை, நரம்பில் ஏற்றிய மருந்து.

அந்த மருந்தைத்தான் ட்ரேசர் என்கிறோம். உடலுக்குப் பழக்கமான ஒரு மூலக்கூறில் கதிரியக்க அணு ஒன்றைக் கோத்து அனுப்புகிறார்கள். அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வெளியிலிருந்து கருவி பார்க்கிறது. ஆக, ஸ்கேனில் நாம் பார்ப்பது கட்டியை அல்ல. அந்த மூலக்கூறைச் செல்கள் என்ன செய்தன என்பதை.

பெட் ஸ்கேன் என்றாலே பெரும்பாலும் எஃப்டிஜிதான். ஃப்ளோரின்-18 கோத்த குளுக்கோஸ் அது. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். செல் அதைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே இழுக்கிறது. ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அசல் குளுக்கோஸாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போய் எரிந்துவிடும். எஃப்டிஜியால் அப்படிப் போக முடியாது. பாஸ்பேட் ஒட்டிவிட்டதால் திரும்பி வெளியே வரவும் வழியில்லை. சர்க்கரையை அள்ளித் தின்னும் புற்றுச் செல்லில் அது மேலும் மேலும் சேர்கிறது. ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுத்தால் அந்த இடம் தனியாகத் தெரிகிறது.

ஆனால் கல்லீரலின் வேலையே வேறு. சர்க்கரையைச் சேமித்து வைத்து, உடலுக்குத் தேவைப்படும்போது ரத்தத்தில் விடுவது அதன் பொறுப்பு. அதற்காகவே ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்ற நொதி அதனிடம் நிறைய இருக்கிறது. கல்லீரல் செல்லிலிருந்தே உருவாகும் ஹெபடோசெல்லுலர் கார்சினோமா, ஆரம்ப நிலையில் தாய்ச் செல்லின் பழக்கத்தை மறப்பதில்லை. உள்ளே வந்த எஃப்டிஜியை அதுவும் கழற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. படத்தில் கல்லீரல் முழுவதும் ஒரே சாம்பல் நிறம், கட்டியும் அதே சாம்பல். எங்கே என்று தேடுவது? ‘சுற்றியுள்ள கல்லீரல் அளவே ஏற்பு’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால், அதைக் ‘கட்டி இல்லை’ என்று படிக்கக் கூடாது. கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுக்கும் சிடியும் எம்ஆர்ஐயும் இங்கே முதலிடத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே கட்டி முற்றி மூர்க்கமாகும்போது அந்த நொதி குறைந்துவிடுகிறது, எஃப்டிஜி தங்கிவிடுகிறது. அதனால் கட்டி எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதே அது எவ்வளவு வேகமானது என்பதற்கு ஒரு தடயம். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றிலும் இந்த நொதி அதிகம் இருப்பதில்லை. ஆகவே அதைக் கண்டுபிடிக்க எஃப்டிஜி நல்ல தேர்வு.

சரி, சர்க்கரை கைவிட்ட இடத்தில் எதைக் கொடுப்பது? கொழுப்புக்கான மூலப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கார்பன்-11 அசிட்டேட்டை, முற்றாத கல்லீரல் புற்றுச் செல்கள் கொழுப்புத் தயாரிக்க ஆவலோடு எடுத்துக்கொள்கின்றன. 2003-ல் ஹாங்காங்கிலிருந்து வெளியான ஆய்வில், அசிட்டேட் சுமார் 87 சதவீதக் கட்டிகளைக் காட்டியது. எஃப்டிஜி 47 சதவீதத்தை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு இதில் பிடித்தது அந்த இரண்டாவது விஷயம்தான்: ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இல்லாவிட்டால் முடியாது. செல்சவ்வு கட்டப் பயன்படும் கோலினை ஃப்ளோரின்-18 கோத்தும் தயாரிக்கலாம், தூரத்துக்கும் அனுப்பலாம். என்ன, நல்ல கல்லீரலுக்கும் கோலின் மிகவும் பிடிக்கும், பின்னணியே பிரகாசமாகிவிடும்.

பெட் வருவதற்கு முந்தைய, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க அணுவைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன்களை இன்றைக்கும் ஒதுக்கிவிட முடியாது. அந்த அணுவைக் கோத்த சல்ஃபர் கொலாய்டு துகள்களைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் விழுங்குகின்றன. பெரும்பாலான கட்டிகளில் அந்தச் செல்கள் இல்லை. அதனால் படத்தில் கட்டி ஓர் ஓட்டை போலத் தெரியும். ஆனால் ஃபோக்கல் நாடுலர் ஹைப்பர்பிளேசியா என்ற தீங்கற்ற கட்டியில் குப்ஃபர் செல்கள் உண்டு, பல நேரம் ஓட்டை விழாது. ரத்தக் குழாய்களால் ஆன தீங்கற்ற கட்டியான ஹீமாஞ்சியோமாவுக்கோ நோயாளியின் சிவப்பணுக்களிலேயே டெக்னீசியத்தை ஏற்றி அனுப்புவார்கள். முதல் சில நிமிடங்கள் அந்த இடம் மங்கலாக இருக்கும். உள்ளே ரத்தம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிரம்பி, சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமாகிவிடும். ஊசி குத்தித் திசு எடுத்தால் ரத்தம் கசியக்கூடிய ஒரு கட்டியை, தொடாமலே அடையாளம் காணும் வழி இது.

ஹார்மோன் சுரக்கும் செல்களில் பிறக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, காலியம்-68 டோட்டாடேட் என்ற ட்ரேசர். சர்க்கரையோடு இதற்குச் சம்பந்தமில்லை. அந்தச் செல்களின் மேலுள்ள சோமாடோஸ்டேட்டின் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது.

புதிதாக வந்திருக்கும் ஃபாப்பி என்ற ட்ரேசர் இன்னொரு திசையிலிருந்து வருகிறது. புற்றுச் செல்லை விட்டுவிட்டு, அதைச் சுற்றித் திரளும், நார்த்திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அது குறிவைக்கிறது. நல்ல கல்லீரல் அதை அதிகம் ஏற்பதில்லை என்பதால் கட்டி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தழும்பேறிய சிரோசிஸ் கல்லீரலிலும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மும்முரமாகத்தான் இருக்கின்றன. அங்கே பின்னணி மறுபடி ஏறிவிடுகிறது. ஹெபடோசெல்லுலர் கார்சினோமா பெரும்பாலும் பிறப்பதும் அந்தக் கல்லீரலில்தான்.