என்ஐஎல் பணம்: எஃப்-1, எச்-4 பிள்ளைகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்

டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில், எஃப்-1 என்ற மாணவர் விசாவோடு அமெரிக்கக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு உள்ளூர் விளையாட்டுப் பொருள் கடை 400 டாலரும் இரண்டு ராக்கெட்டும் கொடுத்தது. பதிலுக்கு இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகள் போட வேண்டும். விளையாட்டு விதிகளைக் கவனிக்கும், விளையாட்டுத் துறையின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் கேட்டாள். "600 டாலருக்குக் கீழேதானே, எங்களிடம் பதியவே வேண்டாம்" என்றார்கள். பதிவுகளைப் போட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனவள் பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, எதிரே இருந்தவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். "இதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. வக்கீலைப் பாருங்கள்."

வக்கீலை ஒருமுறை பார்த்ததிலேயே அந்த 400 டாலர் போய்விட்டது. அடுத்த இரண்டு கோடை விடுமுறைக்கும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அதிகாரி கேட்டுவிடுவாரோ என்று பயம். அந்த நாட்களில் அவளோடு பேசிக்கொண்டிருந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் மேஜைக்கு உரிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், படம், சாயலைக் கொண்டு சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலை 1 முதல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ விட்டுக்கொடுத்தது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். 2025 ஜூன் 6 அன்று, பணம் கேட்டு வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அதன்படி, உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரி ஒவ்வொன்றும் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். வெளியார் ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டால், 'என்ஐஎல் கோ' தளத்தில் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும்.

செய்திகள் இதோடு நின்றுவிடுகின்றன. விசாவில் இருக்கும் பிள்ளைக்குச் சிக்கலே இதற்குப் பிறகுதான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். 'என்ஐஎல் கோ'வில் ஒப்பந்தம் 'கிளியர்' ஆனால், அது விளையாட்டு விதிக்குப் பொருந்துகிறது என்று மட்டும்தான் பொருள். விசாவைப் பற்றி அங்கே யாரும் பார்ப்பதில்லை. மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது என்பதும் அப்படித்தான். குடிவரவு விதி மத்திய அரசின் கையில் இருக்கிறது. விசாவில் இருப்பவர் இந்தப் பணத்தை வாங்கலாமா என்று 2021-இல் கதவு திறந்தபோதே கேட்கப்பட்ட கேள்விக்கு மத்திய அரசு இன்னும் தெளிவான விதி எழுதித் தரவில்லை. அதன் விலையைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே வேலை செய்ய வேண்டுமானால் தனி அனுமதி தேவை. ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு விளையாடுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் காசு வாங்கிப் பதிவு போடுவது, கடைத் திறப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, விளம்பரப் படப்பிடிப்பில் நிற்பது, கோடை முகாமில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் வேலையாகப் பார்க்கப்படலாம். "காசு வாங்கவில்லை, ஷூ மட்டும்தான்" என்பதும் காப்பாற்றாது. பொருளாக வந்தாலும் அது கூலிதான். அனுமதியில்லாத வேலை என்று முடிவானால் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் பதிவேடான செவிஸில் உள்ள பதிவையே ரத்து செய்துவிடலாம். மற்றத் தவறுகளுக்கு, இழந்த மாணவர் நிலையைத் திரும்பக் கேட்க வழி உண்டு. அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்த விதியிலேயே அடைப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எதுவும் செய்யாமல் வரும் ராயல்டி போன்ற பணம் பரவாயில்லை என்று சொல்லும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருக்கும்போது வேலையை முடிப்பது இன்னொரு வழி. காங்கோவிலிருந்து வந்து கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு ஆடிய ஆஸ்கர் ஷிப்வே, 2022-இல் அணியோடு பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துச் செய்தது இதைத்தான். ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய பல்கலைக்கழகமே நின்றது. இரண்டாம் வரிசை நீச்சல் வீரருக்கு அப்படி யாரும் விமானம் ஏற்பாடு செய்யமாட்டார்கள். கல்லூரியே நேரடியாகத் தரும் பங்குப் பணத்திலும் ஒவ்வொரு கல்லூரி ஒவ்வொரு மாதிரி நடக்கிறது. பக்கத்துக் கல்லூரியில் கொடுத்தார்கள் என்பதை ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்து வந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் ஐடி வேலையில் இருக்கும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் டென்னிஸ், நீச்சல் என்று நன்றாக ஆடுகிறார்கள். எச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதியே கிடையாது. வளாகத்தின் 20 மணி நேரமும் எஃப்-1-க்குத்தான். பல மாநிலங்களில் பள்ளி மாணவருக்கே என்ஐஎல் திறந்துவிட்டதால், ஏஜெண்டுகள் பதினோராம் வகுப்பிலேயே தேடி வருகிறார்கள். இங்கேயே வளர்ந்த பிள்ளை, பேச்சும் அமெரிக்கப் பேச்சு, ஆகவே குடியுரிமை இருக்கும் என்று அவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1-க்கு மாறும் நேரத்தில் பழைய இன்ஸ்டாகிராம் பதிவு குறுக்கே வரக்கூடாது.

அப்புறம் டபிள்யூ-9 என்ற வரிப் படிவம். ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரு பக்கத் தாளாக அனுப்பி, "சும்மா ஃபார்மாலிட்டி" என்பார்கள். அதில் கையெழுத்துப் போடுபவர், தான் அமெரிக்கர் அல்லது வரிக் கணக்குப்படி அமெரிக்கவாசி என்று உறுதி கூறுகிறார். எஃப்-1-இல் புதிதாக வந்தவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கில் வரமாட்டார். கேட்டவுடன் நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லூரி மாற நினைப்பவர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போடுவதற்கு முன்பே டி.எஸ்.ஓ.வைப் பார்க்க வேண்டும். அதாவது மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் கையெழுத்திடும் அலுவலர். 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். கோச்கள் இதை மட்டும்தான் சொல்வார்கள். பெயர் போர்ட்டலில் ஏறியதும் பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். புதிய இடம் கிடைக்கவில்லை என்றால், அமெரிக்க மாணவர் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம். உங்கள் பிள்ளைக்குப் புதிய ஐ-20 வேண்டும், அதற்குப் பணம் இருக்கிறது என்ற சான்று வேண்டும். ஸ்காலர்ஷிப் போனபின் அந்தச் சான்று எங்கிருந்து வரும்?

கோச் போனில் சொல்லும் "ஃபுல் ரைட்", அதாவது முழுச் செலவுக்கும் ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தைக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. வீரரும் கல்லூரியும் முன்பு கையெழுத்திட்ட 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற உறுதித் தாளையும் 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். இனி நிதியுதவி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஹவுஸ் உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர் என்பது உச்சவரம்பு. பத்துப் பேருக்கும் ஸ்காலர்ஷிப் உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை. என்சிஏஏவின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகளிலும் ஐவி லீக்கிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. அங்கே வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? நேரில் போய்க் கேட்காதீர்கள். கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கும் டி.எஸ்.ஓ.வுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். அப்போதுதான் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது. "நான் எஃப்-1-இல் இருக்கிறேன். இன்னார் இவ்வளவு தருகிறார், பதிலுக்கு நான் இன்ன நாளில், இன்ன இடத்தில் இதைச் செய்ய வேண்டும். என் விசாவில் இது அனுமதிக்கப்படுகிறதா?" இவ்வளவு போதும். ஒப்பந்தத்தையும் இணையுங்கள். "வக்கீலைப் பாருங்கள்" என்றே பதில் வந்தால், அதுவும் எழுத்தில் இருக்கட்டும். கல்லூரியின் சட்டப்பிரிவு கல்லூரிக்காக வேலை செய்கிறது. உங்களுக்கு வேண்டியது கோச்சோ ஏஜெண்டோ கைகாட்டாத, நீங்களே தேடிப் பிடித்த குடிவரவு வக்கீல். பதில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள், பதிவு போடாதீர்கள், ராக்கெட் பெட்டியைக்கூடப் பிரிக்காதீர்கள். வந்த பதில்களை எல்லாம் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றி வையுங்கள். கல்லூரியை விட்ட பிறகு கல்லூரி மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் போகலாம்.