முன்மாதிரியா, முதலுருவா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தமிழ்ப்பள்ளியில் புத்தாக்கக் கண்காட்சி நடந்தாலும் மேசைக்கு மேசை ஓர் அட்டை நிற்கும்: ‘எங்கள் முன்மாதிரி’. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தில் பிள்ளைகள் செய்து கொண்டுவரும் முதல் பொருளுக்கு, அதாவது புரோட்டோடைப்புக்கு, எல்லாரும் வைத்திருக்கும் பெயர் இதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தச் சொல் தவறு. பிள்ளைகளுக்கு அது பாடத்தையே தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் என் கோபம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் புரோட்டோஸ் என்றால் முதல். டைபோஸ் என்றால் அடி, அடித்ததால் விழுந்த தடம், அச்சு. இரண்டும் சேர்ந்தால் முதலில் விழுந்த உரு. மலாய்க்காரர்கள் ‘புரோட்டோதைப்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது முன்மாதிரிக்கு வருவோம். ‘முன்மாதிரியான ஆசிரியர்’, ‘அண்ணன் தம்பிகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும்’ என்றெல்லாம் சொல்கிறோம். பார்த்துப் பின்பற்ற வேண்டிய ஆளைச் சொல்லும் சொல் அது. அப்பழுக்கில்லாதவர் என்ற பொருள் அதற்குள் ஊறிக் கிடக்கிறது. ஆனால் பொறியியலில் முதலில் செய்யும் பொருள் பின்பற்றுவதற்காகச் செய்யப்படுவதில்லை. எங்கே உடைகிறது, எங்கே இடிக்கிறது, யார் கைக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்கிறார்கள். சிக்கலை அடையாளம் காண்பது, வரைவது, செய்வது, சோதிப்பது, திருத்துவது, திரும்பவும் செய்வது என்று சுற்றிச் சுற்றி வரும் வேலை அது. ஜேம்ஸ் டைசன் பை இல்லாத தூசு உறிஞ்சியை உருவாக்கியபோது 5,127 முறை செய்து பார்த்தார். அதை ‘5,127 முன்மாதிரிகள்’ என்று எழுதிப் பாருங்கள். பின்பற்றத் தகுந்தவை இத்தனையா என்று வாசிப்பவர் திகைப்பார்.

‘அகராதியில் இரண்டு பொருளும் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும். அகராதி புழக்கத்தைப் பதிவு செய்கிறது, தவறான புழக்கத்தையும் சேர்த்துத்தான். ‘முன்பாகச் செய்யும் மாதிரி என்று பிரித்துக்கொள்ளலாமே’ என்று இன்னொரு சமாதானமும் உண்டு. அதுவும் நிற்காது. துணிக்கடையில் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் முழுத்துணி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மாதிரி வினாத்தாள் என்றால் தேர்வின் அமைப்பு முன்பே முடிவாகிவிட்டது. மாதிரி எப்போதும் இருக்கிற ஒன்றைக் காட்டும். புரோட்டோடைப்போ இன்னும் பிறக்காத ஒன்றைத் தேடும். இதற்கு ‘மூலவடிவம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். மூலம் என்றாலே கைவைக்கக் கூடாதது என்றுதான் நமக்குப் படும். இந்தப் பொருளோ கைவைப்பதற்கென்றே செய்யப்படுவது.

இது வெறும் சொற்சண்டை இல்லை என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, உதிரிப் பழம் பொறுக்கக் கருவி செய்திருந்தான். பிவிசி குழாய், அதன் முனையில் கம்பி வளைத்த கூண்டு. அழுத்தினால் பழம் உள்ளே போகும், திரும்ப விழாது. நல்ல யோசனை. தோட்டத்தில் பல வருடம் பழம் பொறுக்கிய ஒரு பாட்டி அதை வாங்கி நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, “கைப்பிடி குட்டையா இருக்கேய்யா, இதுக்கும் குனியத்தானே வேணும்?” என்றார். பையன் பட்டென்று, “இல்ல பாட்டி, இது முன்மாதிரி. இப்படித்தான் இருக்கணும்” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கொடுத்த சொல் அப்படி. பாட்டியின் முதுகுவலிதான் அங்கே கிடைத்த மிகச் சிறந்த சோதனை முடிவு. அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

நம் தோட்டங்களின் கதையே திருத்தித் திருத்தி வந்ததுதான். பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகளை நட்டபோது பாலெடுக்க நல்ல முறை கிடையாது. பிரேசிலில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தார்கள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த தாவரவியலாளர் ரிட்லி, ஒரே வெட்டையே மெல்லச் சீவித் திறந்துகொண்டு போகலாம் என்று பல முறை வெட்டிப் பார்த்துக் கண்டார். மீன்முள் போல வெட்டுகள் சாய்ந்திறங்கும் அவருடைய முறையும் கடைசி உரு அல்ல. பின்னால், மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்வாகச் சீவும் அரைச்சுற்று வெட்டு அதன் இடத்தைப் பிடித்தது. செம்பனைக் குலை வெட்ட வந்த சந்தாஸ் என்ற இயந்திர அரிவாளும் அப்படியே. முதலில் உயரம் குறைந்த மரங்களுக்கு, பிறகு நீளமான தடியோடு வேறு வகைகள்.

இங்கே இன்னொரு சொல்லையும் பிடித்துக்கொள்கிறேன்: ‘தொழில்நுட்பத்தின் தாக்கம்’. எதற்கெடுத்தாலும் தாக்கம். தாக்குவது எதிரி செய்யும் வேலை. விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடினார்கள் நம் தாத்தா பாட்டிமார். அது மரத்தை வெட்டிப் பாலெடுக்கும் முறையின் விளைவு. சந்தாஸ் வெட்டும் பளுவைக் குறைத்ததும் விளைவு, அதன் அதிர்வு கைக்கு ஏறுவதும் விளைவு. ‘விளைவு’ என்ற சொல்லில் நல்லதும் கெட்டதும் அடங்கும். பாடத்தை மொழிபெயர்ப்பவர்கள் மலாய் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். வேலை செய்கிறவன் கையைப் பார்த்து எழுதுவதில்லை.

சரி, என்ன சொல்லலாம்? முதலுரு. உரு பழைய தமிழ்ச்சொல். உருவாக்கு, உருமாறு, உருக்குலை என்று வினையோடு எளிதாகச் சேரும். டைபோஸின் ‘அச்சு’ என்ற பொருளுக்கும் பக்கத்தில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் என்று சொன்னதுமே இரண்டாவது ஒன்று வரப்போகிறது என்று காது எதிர்பார்க்கும். சோதிப்பதற்கும் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுமுன் வெறுந்தேரை ஓட்டிப் பார்ப்பது.

முதலுரு யாருக்காவது வாயில் நுழையவில்லை என்றால் புரோட்டோடைப் என்றே தமிழில் எழுதட்டும். எனக்கு வருத்தமில்லை. கிராணி (எழுத்தர்), பிரட்டு, மங்கு (கிண்ணம்) எல்லாவற்றையும் பிறமொழியிலிருந்து வாங்கிப் பேசிய ஊர் இது. பொருள் மாறிய தமிழ்ச்சொல்லைவிடப் பொருள் மாறாத கடன்சொல் மேல். ஆனால் முதலுரு என்று எழுதினால் ஒரு வசதி உண்டு: அடுத்த அட்டையில் ‘இரண்டாம் உரு: கைப்பிடி நீட்டப்பட்டது’ என்று எழுதலாம்.