இனமும் இல்லை, பந்தயமும் இல்லை: முந்துபிழை

'பக்கக் குறிப்பு இன நிலையைச் சரிசெய்தல்.' இயங்குதளங்கள் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றில் இப்படி ஒரு தலைப்பு. அக்கா மகன் அதைப் படம் பிடித்து அனுப்பி, "மாமா, இதுல இனம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டிருந்தான். மூன்று தடவை படித்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வரும் 'பேஜ் ரெஃபரன்ஸ் ரேஸ்' பற்றிச் சொல்ல வருகிறார்கள். இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறிப்போகும் பிழைக்குத்தான் 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். அது தமிழில் 'இன நிலை' ஆவதை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'ரேஸ்' உண்டு. ஓட்டத்தைக் குறிப்பது பழைய நார்ஸ் மொழியின் 'ராஸ்'. ஓட்டம், நீரின் பாய்ச்சல் என்று பொருள். மனித இனத்தைக் குறிப்பது இத்தாலிய 'ராட்ஸா'. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்முடைய ரேஸ் ஓட்டத்தைச் சேர்ந்தது. மின்சுற்று வடிவமைப்பாளர்கள்தான் முதலில் இதைப் புழங்கினார்கள். 1950களின் தொடக்கத்தில் டேவிட் ஹஃப்மன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இரண்டு சமிக்ஞைகள் வெவ்வேறு வழியாக ஓடிவருகின்றன. எது முதலில் வந்து சேர்கிறதோ அதற்கேற்பச் சுற்றின் விடை மாறுகிறது. அங்கிருந்து மென்பொருளுக்கு வந்தது.

ஆகவே 'இனம்' வெறும் தவறு, அதோடு விட்டுவிடலாம். தமிழ் அறிந்தவர்களே தெரிந்து எழுதும் 'பந்தய நிலை'யோடுதான் எனக்கு உண்மையான சண்டை.

பந்தயம் என்றால் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? முதலில் பணயம். "என்ன பந்தயம்?" என்றால் எவ்வளவு கட்டுகிறாய் என்று பொருள். தெலுங்கின் பந்தெம், கன்னடத்தின் பந்த்ய என்று உறவுச் சொற்களிலும் இந்தப் பணய வாடை உண்டு. இதனோடு 'கண்டிஷன்' என்பதை 'நிபந்தனை' என்று போட்டு, 'பந்தய நிபந்தனை' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதைப் படிக்கும் மாணவன் சூதாட்ட ஒப்பந்தம் ஒன்றை நினைத்தால் அவன்மேல் குற்றமில்லை.

பணயத்தை விட்டு ஓட்டப்பந்தயம் என்றே எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, ஒரே விசிலுக்குக் கிளம்புகிறார்கள். பக்கத்தில் ஓடுபவனைத் தெரியும். நடுவர் உண்டு. வேகமானவன் வெல்வதுதான் நியாயம், அதைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். கெர்னலில் இதில் எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது. தெரியாததுதான் பிழையே.

கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கம் 4096 பைட். ஒரு பக்கத்தை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை சுழியமானால் பக்கம் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குப் போகும். இப்போது ஒரு செயலி (கணினியின் பிராசஸர்) பட்டியலில் தேடி ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்ததற்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் நடுவில் ஒரு நொடியின் சிறு துணுக்கு இருக்கிறது. அதற்குள் இன்னொரு செயலி கடைசிப் பிடியை விட்டுவிட்டால், பக்கம் கைமாறிவிடும். முதல் செயலி அடுத்தவன் பக்கத்தைத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும்.

கூட்டமான பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். 'மதுரை' என்று பலகை பார்த்தீர்கள், துண்டை எடுத்தீர்கள், போட்டீர்கள். அதற்குள் நடத்துநர் பலகையைத் 'தேனி' என்று மாற்றிவிட்டார். துண்டு விழுந்த இடம் சரி, வண்டிதான் தப்பு. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் இதற்குச் செய்யும் வைத்தியம் இரண்டு பாகம். எண்ணிக்கை ஏற்கெனவே சுழியமாகிவிட்ட பக்கத்தில் துண்டு போடாதே. அது பணிமனைக்குப் போகிற வண்டி. அப்புறம், துண்டு போட்ட பிறகு பலகையை மறுபடி பார். அதே பக்கம்தானா என்று உறுதிசெய், இல்லையென்றால் துண்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தேடு.

இதைவிட மோசமான உறவினர் ஒன்று 'டர்ட்டி கவ்' என்ற பெயரில் 2016 அக்டோபரில் வெளிவந்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சி.வி.இ-2016-5195 என்பது அதன் எண். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பை ஒரு பயனர் தனக்கெனத் தனியாக நினைவகத்தில் விரித்துக்கொள்கிறார். அதில் எழுதப்போனால் கெர்னல் அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, நகலில் எழுதவிட வேண்டும். நகல் எடுத்ததும், 'எழுதப்போகிறேன்' என்ற குறியைக் கழற்றிவிட்டு, பக்கத்தைப் பிடிக்கக் கெர்னல் மறுபடி வருகிறது. சரியாக அந்த இடைவெளியில், அதே நிரலின் இன்னோர் இழை (கூடவே ஓடும் இன்னொரு வேலை) 'இந்தப் பக்கம் வேண்டாம்' என்று சொல்லி நகலை எறிந்துவிட்டால், கெர்னல் கையில் அகப்படுவது அசல். எழுத்தும் அசலில் விழுகிறது. எழுத அனுமதியில்லாத சாதாரணப் பயனர் நிர்வாகியின் கோப்பையே மாற்றிவிடலாம்.

2007இல் வந்த லினக்ஸ் கெர்னலின் 2.6.22 பதிப்பிலிருந்தே இந்த ஓட்டை இருந்தது. இன்னும் பழைய கதையும் உண்டு. 11 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 2005இலேயே, தாம் இதைச் சரிசெய்ய முயன்றதாகவும், எஸ்390 பெருங்கணினிகளில் வந்த சிக்கலால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2016 திருத்தக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்று ஏட்டளவில் இருந்தது, நினைவக மேலாண்மை வளர வளர எளிதாகத் தூண்டக்கூடியதாகிவிட்டது என்பதும் அவர் சொன்னதே. புதிய திருத்தத்தில் எழுதும் குறியைக் கழற்றுவதில்லை. 'நகல் எடுத்தாயிற்று' என்று தனியாக ஒரு குறி. அந்த நகல் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு சோதனை.

இங்கே பந்தயம் எங்கே இருக்கிறது? ஓடும் இரண்டு இழைகளும் ஒரே ஆளுடையவை. நகலை வெகு முன்னால் எறிந்தால் பயனில்லை, தாமதமாக எறிந்தாலும் பயனில்லை. வேகமானவனுக்குப் பரிசு என்ற பேச்சே இல்லை. இருப்பது வரிசைக் குலைவு ஒன்றுதான்: பின்னால் வரவேண்டியது முந்திக்கொள்கிறது.

நமக்கு அந்த வினை கையிலேயே இருக்கிறது. முந்து. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லும் ஊரில் வரிசையைப் பற்றிப் பேச வேறு சொல் தேடவேண்டுமா? 'முந்துநூல்' என்று தொல்காப்பியப் பாயிரத்திலேயே இந்த வினை இன்னொரு சொல்லோடு சேர்ந்து நிற்கிறது. ஆகவே 'முந்துபிழை' என்கிறேன். 'முந்துப்பிழை' இல்லை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அது வினைத்தொகையாக இருப்பதும் பொருத்தமே. முந்திய பிழை, முந்துகிற பிழை, முந்தும் பிழை எல்லாம் அதில் அடக்கம். 'காலம் கரந்த பெயரெச்சம்' என்று நன்னூல் சொல்வதைப் போலவே இந்தப் பிழையும் தன் காலத்தை ஒளித்து வைத்திருக்கிறது. எந்த ஓட்டத்தில் வெளிப்படும் என்று நிரலைப் பார்த்துச் சொல்லமுடியாது.

'இடைபுகு பிழை' என்றும் யோசித்துப் பார்த்தேன். டர்ட்டி கவ்வுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் ஹஃப்மனின் மின்சுற்றில் இரண்டு சமிக்ஞைகளுக்கு நடுவில் புகுவதற்கு இடமே இல்லை, முந்துவது மட்டும்தான் உண்டு. எனவே விட்டுவிட்டேன். 'போட்டி நிலை' என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே பூட்டுக்காகப் பல இழைகள் காத்து நிற்பதைச் சொல்லப் 'போட்டி' நமக்கு வேண்டியிருக்கிறது. அங்கே விடை சரியாகவே வரும், தாமதமாக வரும், அவ்வளவுதான். ஒரே சொல்லை இரண்டு நோய்க்கும் வைத்தால் மருந்து மாறிப்போகும்.

அடுத்தது 'பக்கக் குறிப்பு'. புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதுவதுதான் அது. கெர்னல் பக்கத்தைக் குறித்துவைப்பதில்லை, பிடித்துவைக்கிறது. பிடிப்பது, விடுவது என்ற இரண்டே வேலை. ஆகவே 'பிடி', எண்ணிக்கைக்குப் 'பிடிக்கணக்கு'. 'பற்று' என்று எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பற்றுவரவு எழுதிப் பழகியவர்கள் அதைக் கடனாகத்தான் படிப்பார்கள்.

எனக்குத் தூய்மை வெறி இல்லை. கெர்னல், பைட் என்றே எழுதுகிறேன், பேச்சில் 'ரேஸ் கண்டிஷன்' என்றால் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தமிழ் எழுத்தில் தமிழல்லாத பொருளைத் திணிப்பதுதான் வலிக்கிறது. ஒரு விரிதாளில் ஆயிரம் சொற்களை வரிசையாகக் கொடுத்து, எந்த வாக்கியத்தில் வருகிறது என்று காட்டாமல், எதிரே தமிழ் போடச் சொன்னால் 'இனம்' வரத்தான் செய்யும். எந்திரத்திடம் கொடுத்தாலும் அதேதான். மொழிபெயர்ப்பவர் 'இது என்ன ரேஸ்?' என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்க ஆள் வைத்திருக்க வேண்டும். தமிழில் படித்து மேலே வரலாம் என்று நம்பி உட்காரும் பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால், அவன் புத்தகத்தை மூடிவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறான். தமிழில் அறிவியல் வராது என்று அவனே நாளைக்குச் சொல்வான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா மகனுக்குத் தலைப்பைத் திருத்தி அனுப்பினேன்: 'நினைவகப் பக்கத்தைப் பிடிப்பதில் வரும் முந்துபிழையைச் சரிசெய்தல்.' கொஞ்சம் நீளம்தான். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "அப்போ, பிடிக்கிறதுக்குள்ள யாரோ முந்திடுறாங்க, அதானே மாமா?"