மாலைமாற்று இருக்க என்னத்துக்கு "இருவழியொக்கும் சொல்"?

போன கிழமை என்ர மருமகள் ரியூசன் நோட்ஸைக் கொண்டுவந்து, "மாமா, மேடம் எண்டதைத் திருப்பி வாசிச்சா எப்பிடி மேடம் வரும்?" எண்டு கேட்டவள். வாங்கிப் பாத்தா, பாலின்ட்ரோம், அதாவது முன்னால இருந்து வாசிச்சாலும் பின்னால இருந்து வாசிச்சாலும் ஒண்டாவே வாறது, எண்டா இருவழியொக்கும் சொல்லாம், உதாரணம் மேடம், லெவல், மலையாளம் எண்டு அச்சடிச்சுக் கிடக்கு.

பிள்ளை கேட்டது சரிதானே. தமிழ்ல மேடத்தைத் திருப்பினா 'ம்டமே'. இங்கிலிஸ் ஸ்பெல்லிங்கில எம், ஏ, டி, ஏ, எம் எண்டு எழுதினாத்தான் ரெண்டு பக்கத்தாலயும் ஒண்டா வரும். மலையாளமும் அப்பிடித்தான், இங்கிலிஸ்ல ஒன்பது எழுத்தும் அச்சொட்டாத் திரும்பும், தமிழ்ல எழுதின உடன எல்லாம் போச்சு. மொழிபெயர்த்தவர் ஒருக்காவது திருப்பி வாசிச்சுப் பாத்திருந்தா விளங்கியிருக்கும். நாங்கள் நாளாந்தம் எழுதுற 'திகதி' அவருக்கு ஞாபகம் வரேல்லையே! கைரேகை இருக்கு, விகடகவி இருக்கு, தேரு வருதே இருக்கு.

பாலின்ட்ரோம் கிரேக்கத்தில இருந்து வந்த சொல், பாலின் எண்டா திரும்ப, ட்ரோமோஸ் எண்டா ஓட்டம், 17ஆம் நூற்றாண்டில இங்கிலிஸுக்குள்ள வந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கோவம் வாறது உந்த "இருவழியொக்கும் சொல்"லில. எங்க பாத்தாலும் இதைத்தான் போடுறாங்கள். இது ஒரு பேரே இல்லை, விளக்கத்தைப் பிடிச்சுப் பேராக்கி வச்சிருக்கு. வசனம் ஒண்டு திரும்பி வந்தா அதையும் சொல் எண்டுறதோ? 12321ஐ என்னெண்டு சொல்லுறது? சொல்லை எடுத்துப்போட்டு எண் எண்டு போடலாம்தானே எண்டுவினம், போடலாம், ஆனா எந்த ரெண்டு வழி எண்டு அதிலயும் விளங்காது. வேற சிலபேர் விகடகவி எண்டே பேர் வச்சிட்டினம். விகடகவி எண்டா பகிடியாப் பாடுற புலவர், உதாரணத்தைத் தூக்கிப் பேராக்கினா எப்பிடி?

இங்கிலிஸுக்காரர் அந்தச் சொல்லை எடுக்க முந்தியே தண்டியலங்காரம் எண்ட அணியிலக்கண நூல், சித்திரகவி எண்ட சொல்விளையாட்டுப் பாட்டுகளுக்குள்ள, இதுக்கு மாலைமாற்று எண்டு பேர் சொல்லிப்போட்டுது. அதுக்கும் முந்தி, 7ஆம் நூற்றாண்டில, எங்கட திருக்கேதீச்சரத்தையும் கோணமலையையும் பாடின சம்பந்தர் சீர்காழிக்கு ஒரு பதிகம் முழுக்க, 11 பாட்டும், மாலைமாற்றாவே பாடிவச்சிருக்கிறார். 'யாமாமாநீ' எண்டு தொடங்கி 'நீமாமாயா' எண்டு முடியும், முதலடியைக் கடைசியில இருந்து வாசிச்சா ரெண்டாமடி. மாலைமாற்று எண்டா கலியாணத்தில மாலை மாத்துறதோ எண்டு பிள்ளையள் குழம்புங்கள் எண்டு ஒரு வாத்தியார் சொன்னவர். ஒரு பூமாலையைக் கையில குடுத்து, எந்தத் தலைப்பில இருந்து எண்ணினாலும் பூ ஒரே வரிசையில வருது பார் எண்டு காட்டினா எந்தப் பிள்ளைக்கு விளங்காது? மாலைமாற்றுச் சொல், மாலைமாற்று வசனம், மாலைமாற்று எண், எல்லாத்தோடயும் ஒட்டுது.

மருமகளின்ர கொப்பியில லெவலையும் மேடத்தையும் வெட்டிப்போட்டு திகதி எண்டு எழுதுவிச்சனான். சோதினையில மாலைமாற்று எண்டு எழுதினா மாக்ஸ் குடுப்பினமோ எண்டு கேக்கிறாள். குடுக்கத்தான் வேணும்.