எண்ணியாச்சு, அட்ஜஸ்ட் பண்ணியாச்சு... அப்புறம்?

கோவைப் பக்கம் பேரிங், வி-பெல்ட் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இடத்துக்குப் போன மாதம் ஸ்டாக் ஆடிட்டுக்குப் போனேன். நான் போவதற்குள் ஸ்டோர் கீப்பரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். 6204 இசட்இசட் பேரிங் மாதாமாதம் குறைகிறதாம். "வேற யாருங்க எடுப்பா? சாவி அவன்கிட்டத்தானுங்களே இருந்துச்சு" என்றார் முதலாளி. இத்தனைக்கும் அது சைக்கிள் கவுன்ட், அதாவது சரக்கைச் சுழற்சி முறையில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுவது, தவறாமல் நடக்கிற இடம். ஃபைல் இருக்கிறது, அதில் வாரவாரியாகத் தாள் இருக்கிறது, ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து இருக்கிறது.

ஃபைலைப் புரட்டினேன். 6204 இசட்இசட் முதல் மாதம் 8 குறைவு, அடுத்த மாதம் 11, அதற்கடுத்து 9. மூன்று முறையும் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போட்டுக் கணக்கை நேர் செய்திருக்கிறார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் மூன்று முறையும் "எண்ணிக்கை வித்தியாசம்" என்று இருந்தது. அதே ஃபைலில் சில தாள்கள் தள்ளி 6204 டூ ஆர்எஸ் காலாண்டுக் கணக்கெடுப்பில் 28 கூடுதல். 8, 11, 9 கூட்டிப் பாருங்கள்.

பேரிங் வியாபாரம் தெரியாதவர்களுக்காக: இரண்டும் ஒரே அளவுதான். உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, டூ ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். பில்லிங் திரையில் 6204 என்று தட்டினால் எண்ணில் தொடங்கும் 2ஆர்எஸ் வரிசைப்படி மேலே வந்து நிற்கிறது, இசட்இசட் அதற்குக் கீழே. அவசரத்தில் பில் போடுபவர் மேலே நிற்பதை என்டர் தட்டிவிட்டு, விலையை மட்டும் கையால் மாற்றிக்கொள்கிறார். வாடிக்கையாளருக்குச் சரியான சரக்குதான் போகிறது, வாங்குகிற பணமும் சரிதான். கணக்கில் கழிவது மட்டும் வேறு பேரிங்.

ஆக, யாரும் எதையும் எடுக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டு வந்தேன். இதே கதையை எலெக்ட்ரிகல் கடையில், மருந்து குடோனில், ஆட்டோ உதிரிபாகக் கிடங்கில் என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சைக்கிள் கவுன்ட் என்றால் என்ன என்று நீட்டி முழக்கப் போவதில்லை. மார்ச் 31 அன்று குடோனை மூடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எண்ணுவதற்குப் பதிலாக, தினமும் கொஞ்சம் எண்ணி ஆண்டு முழுவதும் சுற்றி வருவது. மதிப்பு அதிகமுள்ளவை ஏ, நடுத்தரம் பி, மீதி சி. ஏ மாதம் ஒருமுறை, பி காலாண்டுக்கு ஒருமுறை, சி ஆண்டுக்கு ஒருமுறை என்பது பலர் வைத்திருக்கும் முறை. "அதுக்கெல்லாம் ஆள் ஏதுங்க?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 5,000 ஐட்டம் உள்ள குடோனில் ஏ 500, பி 1,000, சி 3,500 என்று வையுங்கள். ஆண்டுக்கு 6,000 + 4,000 + 3,500 = 13,500 எண்ணிக்கை. 300 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 45. இரண்டு பேர் சேர்ந்தால் காலை டீக்கு முன்னால் முடிந்துவிடும். ஆள் இல்லை என்பது சாக்கு.

இப்போது என்னை எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பத்தில் எட்டுப் பேர், சைக்கிள் கவுன்ட் நடத்துவதே கணக்கை நேர் செய்யத்தான் என்று நினைக்கிறார்கள். எண்ணு, வித்தியாசம் வந்தால் என்ட்ரி போடு, கணக்கும் சரக்கும் ஒத்துப்போச்சு, அடுத்த ஐட்டத்துக்குப் போ. காய்ச்சல் 102 காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உதறி இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று சொல்வீர்களா? எண்ணுவது, கணக்கு எந்த இடத்தில் உதைக்கிறது என்று காட்டும் வேலை. உதைக்கிற காரணம் அப்படியே இருந்தால் நீங்கள் நேர் செய்த எண் மறுநாள் காலை முதல் பில்லிலேயே மறுபடி தப்பாகத் தொடங்கும்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி தடயத்தை அழித்துவிடும். ஜனவரியில் 8, பிப்ரவரியில் 11 என்று விட்டிருந்தால் மார்ச்சில் 28 என்று ஒரு பெரிய ஓட்டை கண்ணில் அறைந்திருக்கும், யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். மாதாமாதம் பூஜ்யமாக்கினால் ஒவ்வொரு முறையும் "சின்ன வித்தியாசம்தானே" ஆகிவிடுகிறது. அதற்காக என்ட்ரியே போடாதீர்கள் என்று சொல்லவில்லை, போட்டுத்தான் ஆக வேண்டும். காரணம் தெரிந்த பிறகு போடுங்கள் என்கிறேன். அந்தப் பொருளின் கடைசி எண்ணிக்கைக்கும் இன்றைய எண்ணிக்கைக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு ரசீதையும் பில்லையும் ரிட்டர்னையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் சைக்கிள் கவுன்ட்டில் உண்மையான வேலை அதுதான். எண்ணுவது அதற்கு முன்னுரை.

"சார், மொத்தத்துல வித்தியாசம் வெறும் 340 ரூபாதாங்க" என்று பெருமையாகக் காட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் 100 ஐட்டம் எண்ணியதில் 30 தப்பு. 46,000 ரூபாய்க்குக் கூடுதல், 46,340 ரூபாய்க்குக் குறைவு, ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டு 340 மிச்சம். கணக்குப்பிள்ளைக்கு அது 340 ரூபாயாக இருக்கலாம். ஸ்டோர்ஸுக்கு அது 70 சதவீதத் துல்லியம், அதாவது கவுன்ட்டரில் வந்து கேட்பவரிடம் நீங்கள் "இருக்கு" என்று சொல்வதில் பத்துக்கு மூன்று முறை உங்களுக்கே நிச்சயம் இல்லை. மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருப்பவர் அந்த 340-ஐ வைத்து என்ன செய்வார்? ரூபாயைக் கூட்டிக் கழித்துத் துல்லியம் பார்க்காதீர்கள். எண்ணியவற்றில் எத்தனை ஐட்டம் சரியாக இருந்தது என்று பாருங்கள். கிலோவில் வாங்கி எடை போட்டு எண்ணும் போல்ட் நட்டுக்கு ஐந்து சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். ஒவ்வொன்றும் தனி டப்பாவில் வருகிற பேரிங்குக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அடுத்தது, வித்தியாசம் என்றாலே திருட்டு என்று முடிவுகட்டும் பழக்கம். திருட்டே இல்லை என்று சொல்ல நான் துறவி இல்லை. ஆனால் ஒரு பொருள் குறைந்து, அதன் ஜாடையில் உள்ள இன்னொன்று ஏறக்குறைய அதே அளவு கூடியிருந்தால் முதலில் பில்லைப் பாருங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம். (விலை உயர்ந்ததை எடுத்துக்கொண்டு மலிவானதை வைத்துவிட்டுப் போகும் கில்லாடிகளும் உண்டு. ஆனால் அவர்களுக்கும் மலிவானது எங்கிருந்தாவது வர வேண்டும், அதற்கும் கணக்கில் ஒரு தடம் இருக்கும்.) திருட்டு பெரும்பாலும் குறைவாக மட்டும் வரும். கூடுதலும் குறைவும் கலந்து வந்தால் அது பெரும்பாலும் சீட்டுப் பிழை.

அந்தச் சீட்டுப் பிழைகளும் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை, ஊருக்கு ஊர் அதே கூட்டம்தான். வீட்டு வயரிங் கம்பி ஒரு காயில் 90 மீட்டர். வாங்கும்போது காயில், கொடுக்கும்போது மீட்டர். ஐட்டம் உருவாக்கியவர் ஒரு காயில் 100 மீட்டர் என்று போட்டுவைத்தால் ஒவ்வொரு காயிலும் 10 மீட்டர் காற்றோடு போகும், அடி வாங்குவது ஸ்டோர் கீப்பர். கம்பெனிக்காரன் பெட்டிக்குப் 10 என்பதை 12 ஆக்கியிருப்பான், ரசீது போடுபவர் பெட்டியைப் பிரிக்காமல் பழைய கணக்கிலேயே பத்துப் பத்தாகப் போடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வந்தால் டிரைவர் அவசரப்படுத்துவார், சலானில் உள்ளதே ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது) ஆகிவிடும். திரும்பி வந்த சரக்கு கிரெடிட் நோட் (ரிட்டர்னைக் கணக்கில் ஏற்றும் சீட்டு) இல்லாமலேயே ரேக்கில் ஏறிவிடும். பில் போட்டாயிற்று, ஆனால் சரக்கு இன்னும் டெஸ்பேட்ச் மூலையில் கிடக்கிறது, எண்ண வந்தவர் அதையும் சேர்த்து எண்ணிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஷின் நின்றுபோய் "சீட்டு அப்புறம் தர்றேன்" என்று எடுத்துப் போனது. அந்த அப்புறம் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"அட்ஜஸ்ட் பண்ணினா என்ன செலவு, ஒரு என்ட்ரிதானே" என்பவர்கள் தங்கள் ஆடிட்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். காணவில்லை என்று தள்ளுபடி செய்த சரக்குக்கு, எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்து, பிறகு கழித்துக்கொண்ட வரியை) திருப்பிக் கட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) அதைத்தான் சொல்கிறது. வெறும் பெயர் மாறிய சரக்கைத் தொலைந்ததாக எழுதி, அதற்கு வரியும் கட்டினால் எப்படி இருக்கும்? 2021-22 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த காரோ 2020 (கம்பெனி ஆடிட்டர் தன் ரிப்போர்ட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் அரசு ஆணை), அது பொருந்தும் கம்பெனிகளில், ஏதாவது ஒரு வகைச் சரக்கில் மொத்த வித்தியாசம் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்ததா, அதைக் கணக்கில் முறையாகச் சரிசெய்தார்களா என்று ஆடிட்டரை எழுதச் சொல்கிறது. சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் அடமானமாகக் காட்டி 5 கோடிக்கு மேல் வங்கி வரம்பு வாங்கியிருந்தால், காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் எழுத வேண்டும். ஆடிட்டர் கேட்கும்போது "எண்ணிக்கை வித்தியாசம்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நீட்ட முடியாது.

சரி, என்ன செய்யலாம்?

எண்ணுபவர் கையில் சிஸ்டம் இருப்பைக் கொடுக்காதீர்கள். பொருள், இடம், வெற்றுக் கட்டம், அவ்வளவுதான். எண்ணைக் கொடுத்தால் கண் அந்த எண்ணைத்தான் தேடும். 47 என்று தாளில் இருந்தால் 45 கிடைத்ததும் பின்னால் கையை விட்டு "இன்னும் ரெண்டு உள்ள இருக்கும்" என்று எழுதுவது மனித இயல்பு.

காலையில் முதல் பில்லுக்கு முன்னால் எண்ணுங்கள். முடியாவிட்டால் அந்த ரேக்கில் மட்டும் எண்ணி முடிக்கும்வரை கொடுக்கல் வாங்கலை நிறுத்துங்கள். பில் ஓட ஓட எண்ணுவது வீண்.

சரக்கு கொடுப்பவரே தனியாக எண்ணக் கூடாது. வித்தியாசம் வந்தால் இரண்டாவது முறை வேறு ஆள் எண்ணட்டும். அவருக்கு முதல் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள்.

ஐட்டம் பட்டியலை மட்டும் வைத்து எண்ணாதீர்கள். பட்டியல் சொல்கிற இடத்தில் இல்லாத சரக்கு இப்படி எண்ணினால் ஆயுசுக்கும் கிடைக்காது. நடுநடுவே ஒரு ரேக்கை எடுத்து, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் "காணாமல்போன" சரக்கு பாதி அங்கேதான் இருக்கும். ஒரு பொருள் வைக்கும் பெட்டி காலியாகும்போது உடனே பாருங்கள், சிஸ்டமும் பூஜ்யம் சொல்கிறதா என்று. இதைவிட மலிவான கணக்கெடுப்பு கிடையாது, எண்ணவே வேண்டாம்.

ஜாடை ஒன்றாக உள்ளவற்றை, ஏ-யோ பி-யோ சி-யோ, ஒரே நாளில் ஒரே தாளில் எண்ணுங்கள். வகை பிரித்தோம் என்று இசட்இசட்டை மாதம் ஒருமுறையும் டூ ஆர்எஸ்ஸைக் காலாண்டுக்கு ஒருமுறையும் எண்ணினால் குறைவும் கூடுதலும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 5,000 ஐட்டத்தில் குதிக்க வேண்டாம். வேகமாக ஓடும் 20 ஐட்டத்தை எடுத்து, இரண்டு வாரம் தினமும் அதையே எண்ணுங்கள். நேற்றுச் சரியாக இருந்தது இன்று தப்பு என்றால் தேட வேண்டியது ஒரே ஒரு நாள் சீட்டுதான். காரணங்கள் தானாக வெளியே வரும். அவற்றை அடைத்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். வித்தியாசம் காட்டியவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் ஒத்துப்போகும். எப்படி ஒத்துப்போகிறது என்று எனக்குத் தெரியும்: ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய தாள், ஓர் அடித்தல் இல்லை, ஒரு தூசி விரல்ரேகை இல்லை. பேரிங் ரேக்கில் நின்று எண்ணிய தாள் அவ்வளவு வெள்ளையாக இருக்காதுங்க.

நாளைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, ஆடிட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடந்த ஆறு மாத அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரிகளை எக்செல்லில் இறக்கி, ஐட்டம் பெயர்ப்படி வரிசைப்படுத்துங்கள். இரண்டு முறைக்கு மேல் வருகிற பெயர்களுக்கு மஞ்சள் அடியுங்கள். பில் போடுபவர், ரசீது போடுபவர், ஸ்டோர் கீப்பர் மூவரையும் அந்தப் பட்டியலோடு ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். "யார் செய்தது" என்று தொடங்காதீர்கள், "இந்தப் பொருள் உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரை என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் மூவரும் அங்கே இருக்க வேண்டும் என்பதால், அதற்கு முன்னால் யாரையும் வேலையைவிட்டு அனுப்பிவிடாதீர்கள்.